வீட்டுக்குப் போக ஒரு சாவு

அறுநூற்றுப் பதினான்காவது சாவுக்கு முன் க்ளெனிஸ் ஹாக்கிங் வழக்கம்போல் பையைக் காலி செய்கிறார். களிமண், கொடிக்கயிறு, புகையில் வாட்டிய மீன் எல்லாம் கிழக்குக் குடிலின் மரப்பெட்டிக்குள் போகின்றன. பிறகு பாறை விளிம்புவரை நடந்து, கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குதிக்கிறார். கணினித் திரை கறுக்கிறது. அந்த இடைவெளியில் தேநீரை ஒரு வாய் குடித்துவிடுவார். "இதுதான் வீட்டுக்குப் போற பஸ். டிக்கெட் கிடையாது, நெரிசல் கிடையாது, நேரத்துக்கு வந்துடும்" என்பார்.

பஸ்ஸைப் பற்றி அவருக்குத் தெரியும். வயது ஐம்பத்தாறு. ஆஸ்திரேலியாவின் இன்னிஸ்ஃபெயிலில் பதினேழு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். சாலையைக் கடக்கும் காசோவரிப் பறவைக்காக நிறுத்துவார். இரண்டு நிமிடம் தாமதமாக ஓடிவரும் பிள்ளைகளுக்காக நிறுத்தமாட்டார். வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் நிஜமான மழைக்காடு. வாங்கி வந்த நாளிலிருந்து அதற்குள் அவர் கால் வைத்ததில்லை. "அங்க அட்டை கடிக்கும், மேட்" என்பார், யாரையும் நண்பா என்று கூப்பிடும் அந்த ஊர் வழக்கப்படி.

கணினிக் காட்டில் அட்டை கடித்தாலும் வலிக்காது. அங்கே சாவுக்கு விதிகள் உண்டு, க்ளெனிஸுக்கு அவை சாலை விதிகளைப் போல மனப்பாடம். கடைசியாக எந்தக் கூரையின் கீழ் படுத்துத் தூங்கினோமோ, செத்தால் அங்கேதான் விழிப்போம். வெறுங்கையோடு, அரை வயிற்றுப் பசியோடு. பை மட்டும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். வேண்டுமானால் நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் சாவை அவமானமாக எண்ணினார்கள். இவர்தான் யோசித்தார்: பையில் ஒன்றுமே இல்லையென்றால் இழப்பதற்கு என்ன இருக்கிறது? போகும்போது சுமையோடு நடை, திரும்பும்போது பாறை. பதினொரு மாதமாக அந்தக் காட்டின் ஐந்து குடில்களுக்கும் சாமான் போய்ச் சேருவது இப்படித்தான்.

அந்தக் காட்டில் அவரோடு இன்னும் இரண்டு பேர். கெயின்ஸில் செவிலியராக இருக்கும் ஐரிஸ் அதிகம் பேசமாட்டார், பேசினால் எரியும். காடு ஓடுவது ஐரிஸின் கணினியில். இடிக்குப் பயந்து, மழைக்காலத்தில் வேலைக்குக் கிளம்பும் முன் வீட்டின் மொத்த மின்சாரத்தையும் அணைத்துவிடுவது ஐரிஸின் வழக்கம். அவர் அணைத்தால் காடும் அணையும். மூன்றாமவர் செமிசி, டல்லியில் வாழைக்காய் பொதியும் கொட்டகையில் வேலை பார்க்கும் டோங்காக்காரர், நாற்பது வயது, சாவதென்றால் ஆகாது. மொத்தமே இருபத்து மூன்று முறைதான் செத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வார்.

செமிசியின் ஒப்பந்தம் முடிகிறது. வியாழக்கிழமை ஊருக்கு. டோங்காவின் வவாவுத் தீவில் அவர் வீடு இருக்கும் பக்கம் இணையம் கடிதம் அனுப்பத்தான் போதும், காட்டுக்குப் போதாது. கணினியைக் கொட்டகைத் தோழர் ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. அவர் ஞாயிறு மாலை வந்து எடுத்துக்கொள்கிறார். ஆகவே அந்த ஞாயிறு பிற்பகலே கடைசி வாய்ப்பு. மூவரும் கட்டிய தெப்பம் ஆற்றில் தயாராக நின்றது. ஒன்றே ஒன்று பாக்கி, காற்றுப் பிடிக்கும் பாய். காட்டின் வடக்கே உடைந்து கிடக்கும் விமானத்தில் ஒரு பாராசூட் துணி உண்டு. அந்த உலகத்துக்கே அது ஒன்றுதான். அது இல்லாமல் தெப்பம் முகத்துவாரத்தைத் தாண்டாது, கடலை எட்டினால்தான் ஆட்டம் முடியும்.

"நானே போய் எடுத்துட்டு வர்றேன்" என்று செமிசி கிளம்பினார். க்ளெனிஸ் கிழக்கே சாமானை இறக்கிவிட்டுப் பாறையில் குதித்து, வீடு என்று மூவரும் சொல்லும் ஆற்றங்கரைக் குடிலில் கண் விழித்த நேரம் அது. மணி மூன்று இருபது. ஹெட்போனில் செமிசியின் குரல் வந்தது.

"செத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. வீட்டுக்கு வந்துட்டியா?"

"இல்ல. சாய்ப்புல முழிச்சேன். மறுபடியும் செத்துட்டேன்."

"எந்தச் சாய்ப்பு?"

"தண்ணி ஒத்துக்கல, காய்ச்சல் வந்துது. விமானத்துக்குப் பக்கத்துல நாலு ஓலையச் சாத்தி, ஒரே ஒரு தூக்கம்..."

"வெளியில படுத்தியா? வீட்டத் தவிர எங்கயும் கண்ண மூடாதன்னு எத்தன தடவ சொன்னேன்!"

"ஒரு குட்டித் தூக்கம், க்ளெனிஸ். எந்திரிச்சா வாசல்ல சிறுத்த. மூணு... இதோ, நாலாவது. இதுக்கு வேற பொழப்பே இல்லையா?"

"பட்டன்லேந்து கைய எடு!" பேருந்தின் பின்வரிசைவரை எட்டும் குரல் அது. "எந்திரிக்காத. செத்தே கெட."

ஏனென்றால் இன்னொரு விதி இருந்தது. ஒருவருடைய பைகள் ஐந்துதான் காட்டில் நிற்கும். ஆறாவது விழுந்தால் முதலாவது மறைந்துபோகும். செமிசியின் முதல் பையில்தான் பாராசூட் துணி இருந்தது.

"துணி போனா?" என்றார் செமிசி.

"போனா, நாம மூணு பேரும் ஆத்தங்கரையில உக்காந்து மீன் சாப்பிட வேண்டியதுதான்" என்றார் ஐரிஸ். "நாலு நாப்பதுக்கு நான் கெளம்பணும். சொல்லிட்டேன்."

க்ளெனிஸ் ஓடினார். இருபது நிமிடத் தூரம். கறுத்த திரையைப் பார்த்தபடி செமிசி டல்லியில் உட்கார்ந்திருந்தார். செத்துக் கிடப்பது அவருக்கு வரவில்லை. "வந்துட்டியா? இப்ப எங்க இருக்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "ரெண்டு கையயும் தொடைக்கு அடியில வெச்சுக்கோ" என்றார் ஐரிஸ். வெச்சிட்டேன் என்று பதில் வந்தது.

கணவர் மெர்வ் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்றார்.

"செமிசி செத்துட்டான்."

"ஓ" என்று சொல்லிவிட்டு மெர்வ் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாற்பத்திரண்டுக்கு விமானம் தெரிந்தது. ஓலைச் சாய்ப்புக்கும் செமிசியின் நான்கு பைகளுக்கும் நடுவே சிறுத்தை படுத்திருந்தது. மழையில் பந்தம் பற்றவில்லை. க்ளெனிஸ் புதருக்குள் குந்தி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். தான் இங்கே செத்தால் விழிப்பது வீட்டில், மறுபடியும் இருபது நிமிட நடை. அதற்கு நேரமில்லை. வருடக் கணக்கில் வராத பயம் அப்போது வந்தது. உள்ளங்கை வேர்த்தது. அறுநூறு தடவை செத்தவருக்கு, சாகக்கூடாது என்றால் எப்படி நடப்பதென்று தெரியவில்லை.

"செமிசி, எத்தன பை கெடக்கு?"

"நாலு."

"அப்ப உனக்கு இன்னும் ஒரு சாவு இருக்கு. குடுப்பியா?"

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்தப் பக்கம் ஓடணும்?"

"ஆத்துப் பக்கம். முடிஞ்ச மட்டும் கத்திட்டே ஓடு."

செமிசி சாய்ப்பில் விழித்தார், ஓடினார். டோங்கா மொழியில் சிறுத்தையின் தாயாரை விசாரித்துக்கொண்டே ஓடினார். சிறுத்தை எழுந்து பின்னால் போனது. க்ளெனிஸ் முதல் பையைத் திறந்து துணியை எடுத்துத் தன் பைக்குள் திணித்தார். ஆனால் உடனே திரும்பி ஓடவில்லை. கோடரியை எடுத்து ஓலைச் சாய்ப்பை வெட்டினார். அந்தக் கூரை இருக்கும்வரை செமிசி விழிப்பதும் அங்கேதான். அது இல்லையென்றால் அதற்கு முன்பு படுத்த இடத்தில், அதாவது வீட்டில்.

"எவ்ளோ நேரம் ஆகும்? அது கிட்ட வந்துடுச்சு!"

"இன்னும் ரெண்டு கம்பு."

"க்ளெனிஸ்!"

"ஒரு கம்பு... ஆச்சு. செத்துக்கோ!"

"போச்சு" என்றார் செமிசி. சற்று நேரத்துக்குப் பிறகு குரல் மாறியிருந்தது. "வீட்ல இருக்கேன். ஐரிஸ், உன் மூஞ்சியப் பாத்து இவ்ளோ சந்தோஷப்பட்டதே இல்ல."

"என் மீனத் தொடாத" என்றார் ஐரிஸ்.

திரும்பும் வழி முழுக்க க்ளெனிஸ் நடந்தே வந்தார். காய்ச்சிய தண்ணீரை மட்டும் குடித்தார். பாம்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு போனார். கீழே ஆறு வளையும் இடத்தில் வசதியான ஒரு பாறை வந்தது. "பஸ் நிக்குதே, ஏறலையா?" என்றார் ஐரிஸ். க்ளெனிஸ் அதைத் தாண்டி நடந்தார். அந்தப் பாதையில் காட்டு இஞ்சி பூத்திருப்பதை அன்றுதான் பார்த்தார். இத்தனை மாதமாக அது அங்கே இருந்திருக்கிறது.

நாலு பதினாறுக்கு வீடு சேர்ந்தார். துணியைக் கொடுக்க, செமிசியே பாயைக் கட்டினார். முதல் முடிச்சு அவிழ்ந்தது. ஐரிஸ் ஏதோ முனகியபடி அதைத் திரும்பப் போட்டார். தெப்பம் முகத்துவாரத்தைத் தாண்டியபோது மணி நாலு முப்பத்தொன்று. கடல் வந்ததும் இசை கொஞ்சம் ஒலித்தது, மூவருடைய பெயரும் திரையில் ஏறி மறைந்தது. "சரி, பசங்களா, எனக்கு ஊசி போட ஆளுங்க காத்துட்டிருக்காங்க" என்று ஐரிஸ் மின்சாரத்தை அணைத்தார். டல்லியில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "வந்துட்டான்" என்றார் செமிசி. "வரேன், மேட்" என்று க்ளெனிஸிடம் விடைபெற்றார்.

க்ளெனிஸ் ஹெட்போனைக் கழற்றவில்லை. அடுத்த காடு தன் கணினியில் ஓடட்டும் என்று ஐரிஸிடம் முன்பே சொல்லியிருந்தார். புதிய உலகம் என்ற பொத்தானை அழுத்தினார். எத்தனை பேர் என்று திரை கேட்டது. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, செமிசியின் இடத்தையும் சேர்த்து மூன்று என்று தட்டினார்.

வியாழன் காலை பத்தே காலுக்குச் செமிசியின் விமானம். புதிய உலகம் அடுத்த ஞாயிறு மூன்று மணிக்குத் திறக்கிறது.