மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திற

தேவிபட்டினத்துச் சீனி முகம்மதுவுக்கு எழுத்தறிவு இல்லை என்று பல்கலைக்கழகப் பதிவேடு சொல்கிறது. பதிவேட்டின் மேல் குற்றமில்லை. பாவம், அதற்கு அரபுத்தமிழ் தெரியாது. மதரசாவில் ஓதிய மூன்று வருடத்தில் அவர் தமிழை அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக, கடகடவென்று எழுதக் கற்றிருந்தார். கொழும்புக்குப் பாய்க்கப்பலில் போன அவருடைய வாப்பா வீட்டுக்குக் கடிதம் எழுதியதும் அப்படித்தான்.

1951-இல் பல்கலைக்கழகம் கடற்கரையில் ரசாயன ஆய்வுக்கூடம் திறந்தபோது அங்கே அட்டெண்டராகச் சேர்ந்தார். ஆறே மாதத்தில் உப்புக்காற்று புட்டிகளின் ஆங்கிலச் சீட்டுகளைத் தின்னத் தொடங்கியது. புதுச்சீட்டு கேட்டுப் புரொபசர் எழுதிய கடிதம் பரிசீலனையில் இருந்தது. எட்டு வருடம் இருந்தது. எழுத்து முழுசாக அழிவதற்குள், சீனி முகம்மது வாத்தியார்களைக் கேட்டுக் கேட்டுத் தம் கையால் சீட்டு எழுதி ஒட்டி, மேலே மெழுகு தடவினார். அதில் பெயரோடு குணமும் இருக்கும். ‘இது சுடும்.’ ‘தண்ணிய இதுல ஊத்தாத, இதத் தண்ணியில ஊத்து.’ சயனைடு புட்டியில் சாவுக்கு உள்ள ஒரே சொல்: ‘மவுத்து.’ அமோனியா புட்டியில், ‘மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் தொற.’

மாணவர்களுக்கு அது இஸ்மு மந்திரம் எழுதிய தாயத்தாகத் தெரிந்தது. செய்முறைத் தேர்வன்று ஒவ்வொருவனும் ‘மவுத்’தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். யாரும் சாகவில்லை. பலர் தேறினார்கள்.

1959 ஏப்ரலில் ஆய்வுக்கூடத்தைப் பார்வையிடக் குழு வரப்போவதாகத் தந்தி வந்ததும் புரொபசருக்கு விஞ்ஞான உணர்ச்சி பொங்கியது.

“யோவ் பாய், இது லேபா, தர்காவா? புட்டிக்குப் புட்டி தாயத்து!”

“தாயத்து இல்ல சார், பேரு. தமிழ்தான்.”

“தமிழ் எப்பய்யா பின்னாடி நடந்துச்சு?”

“எங்க வீட்டுல அப்படித்தான் சார் நடக்குது. சுரண்டிட்டா எது என்னன்னு எனக்கே தெரியாது. யாருக்காச்சும் கண்ணு போயிரும் சார்.”

“குழு போனப்பறம் ஒட்டிக்க.”

நாற்பத்து மூன்று புட்டிகளையும் சீனி முகம்மதுவே சுரண்டினார். அழகு போதவில்லை என்று புரொபசர் அவற்றை உயர வரிசையில் மாற்றி அடுக்கவைத்தார். இடத்தை வைத்து அடையாளம் காணும் வழியும் அதோடு போயிற்று.

குழு வந்தது. நால்வரும் சுத்தத்தை மெச்சினார்கள். ஒருவர் கையில் பேனா மை கசிந்திருந்தது. அதைக் கழுவப் புரொபசர் ஒரு புட்டியைக் காட்டினார்.

“பாய், அந்த வடிநீரத் தொற.”

“சார், அது தண்ணிதானான்னு...”

“தண்ணி மாதிரிதானே இருக்கு? தொறய்யா!”

ஏப்ரல் வெக்கையில் உள்ளே அழுந்திக் கிடந்த அமோனியா, மூடியைத் தூக்கிக்கொண்டு சீறியது. குழுவினர் நால்வரும் சீட்டைப் படிக்காமலே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். சீனி முகம்மதுவுக்கு இரண்டு கண்ணும் போயின.

விசாரணை முறையாக நடந்தது. ‘புட்டியில் பெயர் ஒட்டாமல் விட்டது பணியாளரின் கவனக்குறைவு’ என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். கையெழுத்துப் போட இடம் காட்டினார்கள். வலப்பக்கத்திலிருந்து தொடங்கினார், அது செல்லாது என்று கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நான்கு மாதம் கழித்துப் புது அட்டெண்டர் மலையாண்டி, சாக்கில் சுற்றிய ஒரு புட்டியோடு பஸ் ஏறி அவர் வீட்டுக்கு வந்தார்.

“பாய், மத்ததெல்லாம் கண்டுபிடிச்சாச்சு. இது ஒண்ணுதான் வெளங்கல. நீங்க மோந்து பாத்துச் சொல்லுவீகன்னு புரொபசர் குடுத்துவிட்டாரு.”

சீனி முகம்மது புட்டியை வாங்கித் தடவினார். கழுத்தோரம் சுரண்ட விட்டுப்போன மெழுகு விரலில் தட்டுப்பட்டது. எழுத்து தட்டுப்படவில்லை.

“சீட்டு ஒட்டியிருக்கா?”

“இங்கிலீசுல ஒட்டியிருக்கு. ‘தெரியாது’ன்னு.”

“சரியாத்தான் ஒட்டியிருக்காக. கொண்டுபோய் அவருட்டயே குடு. அவரே தொறந்து மோந்து பாக்கட்டும். மூஞ்சியத் திருப்பச் சொல்லாத.”

மலையாண்டி தெருமுனை வரை போயிருப்பார். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“ஏலே மலையாண்டி! அந்தாளு உன்னையத்தான் தொறக்கச் சொல்லுவாரு. நீ திருப்பிக்க!”