ஆப்பிளில் ஒரு கோடு

போன சனிக்கிழமை நான் ஒரு ஆப்பிளிடம் தோற்றுப்போனேன். அதுவும் இருநூறு பேர் முன்னிலையில்!

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, பெங்களூர் ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை. சுவிட்ச் பெட்டி, மிக்ஸி மூடி என்று அச்சில் வார்த்துத் தள்ளுகிறார்கள். அங்கே தொழிலாளர் விழா. ஓவியப் போட்டிக்கு நடுவராக வரவேண்டும், அப்படியே அரை மணி நேரம் ஓவியத்தைப் பற்றிப் பேசவும் வேண்டும் என்று பர்சனல் ஆபீசர் வீடு தேடி வந்து கூப்பிட்டார். பேசக் கூப்பிட்டு நான் என்றைக்கு மாட்டேன் என்றிருக்கிறேன்?

போட்டி, ஸ்டில் லைஃப். ஒன்றும் பெரிய வித்தையில்லை — மேஜைமேல் நாலு பொருளை வைத்துவிட்டு அதைப் பார்த்து வரைவது. கேன்டீன் நடுவே மேஜை. அதன்மேல் பித்தளைச் சொம்பு, மடித்த துண்டு, ஒரு தட்டு, தட்டில் சிவப்பாக ஒரு ஆப்பிள்.

ஆனால் விளையாட்டுப் போட்டி இல்லை அது. டிராயிங் ஆபீசில் டிரேசர் வேலை ஒன்று காலி. இயந்திர வரைபடங்களைப் பிரதி எடுக்கிற வேலை. முதல் பரிசு வாங்குகிறவருக்கே அந்த இடம் என்று அறிவித்திருந்தார்கள். இருபத்தெட்டு பேர் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரே ஒரு பெண் — எஸ்தர்.

வாலாஜாபாத் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். ஆறு வருஷமாக இன்ஸ்பெக்ஷன் லைனில் இருக்கிறார். வருகிற ஒவ்வொரு மூடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழுதானதை ஒதுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடி. டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார்:

"கால் நரம்பு சுருட்டிக்கிச்சு சார். நிக்கவே கூடாதுன்றாரு டாக்டர். இதுவும் கெடைக்கலன்னா வேலய வுட்டுட்டு வூட்லதான் கெடக்கணும்."

"நல்லா வரைம்மா" என்றேன். நடுவர் அதற்குமேல் சொல்லக்கூடாதே!

சரி, பேச்சு. ஸ்லைடு புரொஜெக்டரோடு போயிருந்தேன். முதலில் ஹாலந்து நாட்டுப் பழைய ஓவியங்கள். பாதி உரித்த எலுமிச்சை, பீச் பழத்தில் ஒரு புழு ஓட்டை, திராட்சைமேல் ஒரு ஈ — ஈயைக்கூட விடவில்லை அந்தப் புண்ணியவான்கள். அடுத்தது இம்ப்ரெஷனிஸ்டுகள். இவர்களுக்குப் பழம் முக்கியமில்லை, பழத்தின்மேல் விழுகிற வெளிச்சம்தான் முக்கியம். அப்புறம் கியூபிசம். ஒரு கிடாரை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் பார்த்தால்...?

"இன்னா சார், ஒடைஞ்சி கீது?" என்றது பின்வரிசை.

"ரிஜெக்ட் பீஸ்யா அது!" என்றது இன்னொரு குரல். கேன்டீனே சிரித்தது.

விடுவேனா? மேஜைப் பக்கம் கையை நீட்டினேன். "இந்த ஆப்பிளைப் பாருங்கள்! தோலில் எத்தனை உயிர்! காஷ்மீரத்துக் குளிர் இன்னும் அதில் மிச்சமிருக்கிறது..." பலத்த கைதட்டல். கொஞ்சம் அதிகப்படியான கைதட்டலோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மணி நேரம் கழித்துப் படங்கள் வந்தன. பெயின்ட் செக்‌ஷன் இளைஞர் ஒருவர் பிரமாதப்படுத்தியிருந்தார். பளபள ஆப்பிள், அதன்மேல் மூன்று பனித்துளி. பத்துக்கு ஒன்பது போட்டேன். எஸ்தரின் படம் வந்தது. சொம்பு அருமை. துண்டின் மடிப்பு அதைவிட அருமை. ஆனால் ஆப்பிள்? உச்சியிலிருந்து அடிவரை ஒரு கோடு! அடியில் வால் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை, இருந்தாலும் நியாயம் நியாயம்தானே... மூன்று போட்டேன். பர்சனல் ஆபீசர் இரண்டு போட்டார். "அழகான ஆப்பிளைக் கெடுத்துட்டாங்க சார்."

மூன்றாவது நடுவர் அச்சுகள் செய்கிற டூல் ரூமின் தலைவர். ஏதோ மெஷின் நின்றுவிட்டதென்று தாமதமாக வந்தார். படங்களை மடமடவென்று புரட்டியவர், எஸ்தரின் படத்தில் நின்றுவிட்டார்.

"யார் வரைஞ்சது? என்னம்மா கோடு இது?"

எஸ்தர் எழுந்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. "ஜாயின்ட் சார். அச்சு ரெண்டும் சரியா மூடல போலகீது. அடியில கொஞ்சம் பிசிறு வேற. அதான் போட்டேன்... தப்பா சார்?"

அவர் ஆப்பிளை எடுத்தார். நகத்தால் வருடினார். டொக்கென்று தட்டினார்.

பிளாஸ்டிக்!

"நாலு வருஷமா நம்ம ரிசப்ஷன்ல இருக்கிற ஆப்பிள். பிளாஸ்டிக்னு இங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்தக் கோடு? தினம் அதைத் தாண்டித்தான் போறேன், என் கண்ணுல படலையே!"

எல்லாருக்கும் தெரியுமாம்! நான் மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, நான் பேசும்போதே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க காஷ்மீர் வரைக்கும் போய்ட்டீங்க சார்... எப்டி கூப்புடுறது?"

இருநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். வேறு வழி?

யோசித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் என்று தெரிந்தும் இருபத்தேழு பேர் காஷ்மீர் ஆப்பிளை வரைந்திருக்கிறார்கள்! நான் சொன்னதை வரைந்திருக்கிறார்கள், மேஜைமேல் இருந்ததை இல்லை. ஈயை விடாமல் வரைந்தவர்களைப் பற்றி அரை மணி நேரம் பேசிய எனக்கு, அந்த ஜாதியில் ஒருத்தர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும்.

மூன்றை அடித்துவிட்டுப் பத்து போட்டேன். பர்சனல் ஆபீசர் இழுத்தார். "அழகுன்னு ஒண்ணு இருக்கே சார்..."

டூல் ரூம்காரர் விடவில்லை. "டிரேசர் இருக்கறத இருக்கற மாதிரி போடணும்யா. இல்லாத பனித்துளியப் போட்டா எனக்கு மெஷின் நின்னுடும்."

பனித்துளி இளைஞர் ஒரு நிமிஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த வேகன்சி எப்ப சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பிழைத்துக்கொள்வார்.

முதல் பரிசு எஸ்தருக்கே என்று அறிவித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "டிராயிங் ஆபீஸ்ல உக்காந்துதான சார் வேல?"

"உக்காந்துதாம்மா. திங்கக்கிழமை வந்து உக்காரு" என்றார் டூல் ரூம்காரர்.

அதுவரை அழாமல் இருந்தவர், அப்போதுதான் அழுதார்.

எனக்குச் சால்வை போர்த்தினார்கள். முகத்தை மூடிக்கொள்ள வசதியாக இருந்தது!