ரிஸ்வானா தந்த இரத்தம்

ஒரு வாடிக்கையாளருக்குச் செருப்பை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் முதல் தடவை கடை சுற்றியது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட என் செருப்புக் கடை. வெயில், பசி, வயது என்று வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிக்கொண்டேன். பிறகு பல் துலக்கும்போது முரசில் (பல்லீறில்) இரத்தம் கசிந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, இரத்தப் புற்றுநோய் (முதிராத வெள்ளையணுக்கள் பெருகி மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்யும் நோய்) என்றார்கள்.

இதே நோயோடு இதை வாசிப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மருந்தால் வரும் வாந்தியைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். தனிமையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மருந்தில் நோய் அடங்கியது. ஆனால் திரும்பக்கூடும், மூலச்செல் (எலும்புக்குள் இருக்கும் மச்சையிலிருந்து எல்லா இரத்த அணுக்களையும் உண்டாக்கும் தாய்ச்செல்) சொந்தத்தில் ஒருவரிடம் எடுத்து மாற்றுவதே நல்லது என்றார் டொக்டர். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, பிள்ளைகளும் இல்லை. முன்பென்றால் முழுப் பொருத்தமான ஆள் கிடைக்காத நோயாளியைக் கைவிடத்தான் வேண்டுமாம். அண்மைக்கால ஆய்வுகளால் இப்போது பாதிப் பொருத்தமே போதும். புதிய அணுக்கள் நம் உடம்போடு சண்டை பிடிக்காமல் அடக்க, பிறகு ஒரு மருந்து ஏற்றுகிறார்கள்.

என் மனைவி ரிஸ்வானா என் மாமி மகள். சொந்தத்தில் கலியாணம் முடித்ததால் அவளையும் சோதித்தார்கள். பாதி பொருந்தியது. டொக்டரும் நானும் சிரித்தோம். அவள் மட்டும் வெகுநேரம் யோசித்தாள்.

"நான் குடுத்தா இவருக்கு சுகமாகுமா?"

வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்றார் டொக்டர்.

"அப்ப எடுங்க."

அவள் இரத்தத்திலிருந்து இயந்திரம் பிரித்தெடுத்த செல்கள், சேலைன் ஏறுவது போல எனக்குள் ஏறின. இவ்வளவுதானா என்றிருந்தது. அதற்குப் பிறகு கிருமி அண்டாதிருக்க வாரக்கணக்கில் கண்ணாடி அறை. ஸலாம் சொல்ல வந்தவர்கள் கண்ணாடிக்கு அப்பால் நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனார்கள். தாதியின் கையுறையைத் தவிர எதுவும் என்னைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தால் இதெல்லாம் தீரும் என்று நினைத்தேன். ரிஸ்வானா வேளாவேளைக்கு மருந்து தந்தாள், எனக்கென்று தனியாகச் சமைத்தாள், மற்ற அறையில் படுத்தாள். கிருமிப் பயம் என்று பொறுத்துக்கொண்டேன். டொக்டர் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகும் அவள் அங்கேயே படுத்தாள். சோற்றுத் தட்டை மேசையில் வைத்துவிட்டு விலகிப் போனாள். என்னை அருவருக்கிறாள் என்றே முடிவு கட்டினேன். கேட்க ரோஷம் விடவில்லை. மாதங்கள் அப்படியே போயின.

ஒருநாள் கிளினிக்கில், என் இரத்த வகையே மாறிவிட்டது, இனி மனைவியின் வகைதான் என்றார் டொக்டர். அவள் செல்கள் எனக்குள் வேரூன்றிவிட்டன. ரோஷத்தை மறந்து வீட்டுக்கு ஓடிவந்து அவளிடம் சொன்னேன். அவள் கதிரையில் உட்கார்ந்து அழுதாள்.

"பால் குடுத்தா உம்மா மாதிரிதானே. நான் ரத்தமே குடுத்துட்டன். இனி எப்படி ஒங்களுக்கு பொஞ்சாதியா இருக்கிற?"

எங்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தவள் தாய்க்குச் சமம், அவளை மணக்க முடியாது. அதையே இரத்தத்துக்கும் வைத்து அவள் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"இத நெனச்சிக்கிட்டேதான் குடுத்தீங்களா?"

"ஓ, நெனச்சிக்கிட்டுத்தான். பொஞ்சாதியா இல்லாட்டியும் ஒங்கள பார்த்துக்கிட்டு இருக்கலாமே."

மார்க்கம் படித்த பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்குப் போன் எடுத்து, அவளும் கேட்கும்படி வைத்தேன். கைக்குழந்தையாகக் குடித்த பாலுக்குத்தான் அந்தச் சட்டம், இரத்தத்துக்கு இல்லை, நீங்கள் கணவன் மனைவிதான் என்றார். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு வந்து என் கையைப் பிடித்தாள். கையுறை இல்லாத கை எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நோய் திரும்புமா, தெரியாது. டொக்டர் செல் ஏற்றிய நாளிலிருந்து என் நாட்களை எண்ணுகிறார். நான் அவள் கையைப் பிடித்த அந்தப் பின்னேரத்திலிருந்து எண்ணுகிறேன். நகம் வெட்டும்போது தவறி ஒரு துளி கசிந்தால், உடனே துடைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது என்னுடையதல்ல. என்னை இழந்துவிட்டதாக எண்ணிக்கொண்டே எனக்குச் சோறு போட்டவளுடையது.