படத்தில் இல்லாத மீன்

வியாழக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மதாம் ஸ்தெல்லாவின் தங்கை. "அக்கா போயிட்டாங்க சார். தூக்கத்துலயே." அழுகைக்கு நடுவே இன்னொன்றும் கேட்டார். "பொட்டி மேல வைக்க ஒரு படம் வேணும். சிரிச்ச மாதிரி உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" இருக்கிறது என்றேன். பேசி முடித்ததும் ஈரக் கையோடு போனிலேயே படத்தைத் தேடினேன்.

எங்களோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் மதாமின் பிரெஞ்சு வகுப்பு தெரியும், கண்டிப்பு தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் தூண்டிலோடு சுண்ணாம்பாற்றுக்குப் போவார் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கணவரோடு பிரான்சில் இருந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம். புழு கிடையாது, இறால் கிடையாது. கொக்கியில் இறகைச் சுற்றிக் கட்டிப் பூச்சி போலச் செய்து, நீளமான நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, தண்ணீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். இறகு நெல்லித்தோப்புக் கறிக்கடையிலிருந்து வரும். "மதாமுக்குக் கறி வேணாம், றெக்க போதும்" என்று சிரித்தபடி, சேவலின் கழுத்து இறகைக் கடைக்காரர் தனியாக எடுத்து வைப்பார்.

நான் கணக்கு வாத்தியார். முதல்முறை கூடப் போனபோதே, "இதுவரைக்கும் எத்தன மதாம்?" என்று கேட்டுத் தொலைத்தேன். "எத்தன புடிச்சேன்னு கேக்காதீங்க சார். எவ்ளோ நேரம் ஆத்துல நின்னேன்னு கேளுங்க" என்றார். சிக்கிய மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்காமலே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுவார். இதென்ன கிறுக்கு என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாராவாரம் வண்டியில் கூட்டிப்போனேன்.

ஒரு ஞாயிறு பெரிய கொடுவா ஒன்று மாட்டியது. ஒரு முழத்துக்கும் மேல் நீளம். "தூக்குங்க மதாம், ஒரே ஒரு படம்" என்றேன். "வேணாம் சார், அதுக்கு மூச்சு முட்டும்." கெஞ்சினேன். எனக்காகத் தூக்கினார். தூக்கியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதல் படமே நன்றாக விழுந்தது. எனக்குப் போதவில்லை. வெயில் பக்கம் திரும்பச் சொன்னேன். லென்ஸைத் துடைத்தேன். இன்னும் ஒன்று என்றேன். தண்ணீரில் விட்டபோது மீன் புரண்டு வயிற்றைக் காட்டியது. இடுப்பளவு நீரில் நின்று, இரண்டு கையாலும் அதைத் தாங்கி, செவுளுக்குள் தண்ணீர் போகும்படி அசைத்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் இருக்கும். பிறகு கையை எடுத்தார். மீன் அப்படியே மிதந்தது.

கரையேறி வந்து, "படம் நல்லா வந்துச்சா சார்?" என்று கேட்டார். துளிக் குத்தலும் இல்லை அதில். "சூப்பரா வந்திருக்கு மதாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த வாரம் கொக்கியின் முனையைக் குறட்டால் வெட்டிக்கொண்டு வந்தார். மீன் இறகைக் கவ்வும், ஒரு இழுப்பு இழுக்கும், விட்டுவிட்டுப் போய்விடும். "வந்து தொட்டுட்டுப் போவுதுல்ல, அது போதும் சார்." கடைசிவரை அப்படித்தான் வீசினார். அதற்குக் காரணம் நான் என்று எனக்குத் தெரியும். அவர் கோபப்படாததையே சாக்காக வைத்து, மன்னிப்புக் கேட்பதைத் தள்ளிக்கொண்டே வந்தேன். போன மாதம், "ஞாயித்துக்கெழம வரீங்களா?" என்றார். கல்யாணம் ஒன்று இருக்கிறது என்றேன்.

தங்கைக்கு அன்று எடுத்த முதல் படத்தைத்தான் அனுப்பினேன், மீன் தெரியாதபடி வெட்டிவிட்டு. மாதா கோவிலில் சவப்பெட்டிமேல் மதாம் சிரித்துக்கொண்டிருந்தார். "எவ்ளோ நல்ல படம், யாரு எடுத்தது?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். நான் திரும்பவில்லை.

அவர் கட்டித் தந்த, முனையில்லாத இறகுப் பூச்சி ஒன்று என் மேசையில் இருக்கிறது. போனில் அந்த முழுப் படம் இருக்கிறது. அதில் கொடுவா உயிரோடு இருக்கிறது. மதாம் சிரிக்கிறார். "இன்னும் ஒண்ணு மதாம்" என்று நான் இன்னும் கேட்கவில்லை.