அமைதியான பேஷண்ட்

எங்கள் வீட்டில் பேசுவது என் வீட்டுக்காரர் வேலை. கல்யாணமாகி சாமல்பட்டியிலிருந்து மத்திகிரிக்கு வந்த நாள் முதல் அப்படித்தான். அவர் கர்நாடக எல்லையோரப் பாகலூர்க்காரர். வீட்டு ஓனரிடம் கன்னடம், காய்கறிக் கடையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். எதிரில் நிற்பவர் வாயைத் திறந்ததும் இவர் நாக்கு அந்தப் பாஷைக்கு மாறிவிடும். எனக்குத் தமிழ் மட்டும்தான். அதையும் நாலு பேர் முன்னால் பேச வராது. அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரை வம்புக்கு இழுப்பார். “எங்க வீட்டம்மாவுக்கு ஃப்ரீ, சரி. ஆனா அவங்களுக்கும் சேத்து நான்தானே பேசறேன்? எனக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க.”

அதே பஸ்ஸில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வருவாள். ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கோடிங் வேலை. டாக்டர்கள் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டாம். கேஸ் ஷீட்டைப் படித்து அந்த எண்ணைப் போட வேண்டும்.

“என்ன பாப்பா, எங்க வீட்டம்மா வாயத் தொறக்க மாட்டேங்குது. அதுக்கு எதுனா நம்பர் இருக்குதா?”

“இருக்குது மாமா. ஆனா டாக்டர் எழுதணும். நீங்க சொன்னா செல்லாது.”

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது கூச்சமாக இருந்தது. இப்போது அந்தச் சிரிப்புக்காக எந்த பஸ்ஸிலும் ஏறுவேன்.

ஒரு நாள் அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் தவறி மல்லாந்து விழுந்தார். அந்தப் பெண் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள். மூளையில் முன்பக்கம் கொஞ்சம் ரத்தக் கசிவு, ஆபரேஷன் வேண்டாம், தானாகக் கரைந்துவிடும் என்றார்கள். கண் விழித்தார். பேர் சொன்னார், ஊர் சொன்னார், கை காலை அசைத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

வார்டு நர்ஸ் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பெண். “ஊட்டா ஆய்த்தா அண்ணா?” என்று சாப்பாட்டை விசாரித்தாள்.

“சாப்ட்டேன்” என்றார். தமிழில்.

கன்னடத்தில் கேட்டவருக்கு அவர் தமிழில் பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. நர்ஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே, “தொந்தரவே இல்லாத பேஷண்ட்டுக்கா. அமைதியா இருக்காரு, சொன்னதக் கேக்கறாரு. பக்கத்து பெட்டுக்காரரப் பாருங்க, ஒரே கத்தல்” என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். பாட்டில் நிரம்பி வழிந்து, லுங்கியெல்லாம் நனைந்து, குழாயைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான்தான் மூடினேன். “என்னங்க?” என்றேன். “ம்” என்றார்.

அன்று ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், “நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். சீக்கிரமே டியூட்டிக்கும் போகலாம், லெட்டர் தர்றேன்” என்றார். கம்பெனியில் இவர் டியூட்டி தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில். தகட்டை வைத்து எடுக்கும்போது ஒரு நொடி கவனம் போனால் விரல் போய்விடும். குழாயை மூடத் தோன்றாதவர் அந்த மெஷின் முன்னால் எப்படி நிற்பார்? சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டாக்டர் அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் கோடிங் பெண் ஏதோ விட்டுப்போன கையெழுத்துக்காக வார்டுக்கு வந்தாள். “என்ன மாமா, எனக்கு இன்னிக்கு ஒரு கேள்வியும் இல்லியா?” என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அவள் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனாள்.

“அக்கா, மாமா இப்படி இல்லியே.”

“நீ எழுதிடு பாப்பா. உனக்குத்தான் அவரத் தெரியுமே.”

“எனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? டாக்டர் எழுதாதத நான் போடக் கூடாதுக்கா. ஃபைல்ல தெனமும் அமைதியா இருக்காருன்னுதான் இருக்குது. அவங்க யாருக்கும் மாமாவ முன்னாடி தெரியாது. சுபாவமே அப்படின்னு நெனச்சுட்டாங்க.”

“நீயே டாக்டர்கிட்ட சொல்லேன்.”

“நான் சொன்னா பஸ்ல பாத்த கதைன்னு விட்டுடுவாங்க. கூட இருக்கறவங்க சொல்லணும். ஒரு மாதிரி இருக்காருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. முன்னாடி என்ன பண்ணுவாரு, இப்ப என்ன பண்றாரு, அத சொல்லுங்க.”

டாக்டர் அறைக்குப் போனேன். உள்ளே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பழக்க தோஷத்தில், இவர் பேசட்டும் என்று பக்கத்தில் திரும்பினேன். யாரும் இல்லை.

“ஐயா, அவரு... அமைதியானவரு இல்லீங்க.”

டாக்டர் நிமிர்ந்தார். “அப்படின்னா?”

குழாயைச் சொன்னேன். நர்ஸுக்குத் தமிழில் பதில் சொன்னதைச் சொன்னேன்.

“கன்னடத்துல கேட்டா எப்பவும் கன்னடத்துலதான் சொல்வாரா?”

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடங்க.”

டாக்டர் எழுத ஆரம்பித்தார். என்னால் நிறுத்த முடியவில்லை. கண்டக்டரை வம்புக்கு இழுப்பது, ஷேவ் செய்யும்போது கண்ணாடியோடு பேசுவது, ரசத்தில் உப்பு குறைந்தால் ‘சமையல்காரம்மா லீவா?’ என்று என்னிடமே விசாரிப்பது. எழுதுவதற்கு இதெல்லாம் வேண்டியதில்லை. டாக்டரின் பேனா எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் நான் சொல்லச் சொல்ல, பழைய மனிதர் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. பேச்சை முடித்தால் எழுந்து போய்விடுவார் என்று பயமாக இருந்தது.

‘தலையில் அடிபட்ட பின் நடத்தையில் மாற்றம், மனைவி கூறியபடி’ என்று டாக்டர் எழுதியிருந்தார். டியூட்டி லெட்டர் தரவில்லை, வீட்டுக்கு அனுப்புவதையும் தள்ளிப்போட்டார். தானாகப் பேசினாரா, தொடங்கிய வேலையை முடித்தாரா என்று தினமும் எழுதும்படி நர்ஸிடம் சொன்னார். கோடிங் பெண் அதற்குரிய எண்ணைப் போட்டாள். என்ன எண் என்று நான் கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, கம்பெனியில் அவருக்கு ஸ்டோரில் லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். விரல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. குழாயை இப்போது அவரே மூடுகிறார். பேச்சு மட்டும் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். மீதியும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

சாயங்காலம் பூக்காரம்மா வாசலில் வந்து கன்னடத்தில் கூப்பிடுகிறார். நான்தான் போகிறேன். கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். பாதி தமிழ், பாதி தப்பு. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் காதில் அத்தனை தப்பும் விழும். ஒவ்வொரு நாளும் பூவை வாங்கிக்கொண்ட பிறகும், அவர் திருத்துவாரோ என்று கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறேன்.