ஹாலை மீட்ட வருஷம்

அரியலூரில் வீடு கட்டக் கடன் வாங்கியபோது ராசாங்கத்துக்கு நாற்பத்து மூன்று வயது. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர் வேலை. பதினைந்து வருஷத் தவணை என்றார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது கடனும் தீர்ந்துவிடும், பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்து மனைப் பத்திரத்தை அடமானம் வைத்தார்.

முதல் வருஷம் முடிந்ததும் திருச்சியில் இருந்த கடன் ஆபீசுக்குப் போனார். பாக்கியைக் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம், மாசம் தவறாம கட்டிருக்கேன். கடன் அப்புடியே நிக்கிதே?"

கவுண்டரில் இருந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார். "ஆரம்பத்துல நீங்க கட்டுறது பெரும்பாலும் வட்டிக்குத்தாங்க போகும். கையில கூடுதலா பணம் இருந்தா கொண்டாந்து கட்டுங்க. அசல்ல கழிக்கச் சொல்லி எழுதிக் குடுத்துருங்க. சீக்கிரம் தீந்துரும்."

வீட்டுக்கு வந்து மனைவி ஜெயசித்ராவிடம் சொன்னார். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப போனஸ அங்க கட்டிருவமா?"

"கட்டுனா மட்டும்? கடல்ல கல்லப் போட்ட மாதிரிதான் இருக்கும்."

"மொத்தத்தயும் பாத்தா மலைப்பாத்தாங்க இருக்கும். இந்த வருஷம் சமையல்கட்ட மட்டும் மீப்போம். மத்ததெல்லாம் அவங்களுக்கே இருக்கட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்தத் தீபாவளி போனசும் ஓவர்டைம் காசும் திருச்சிக்குப் போயின. பணம் கட்டிவிட்டு வந்த அன்று ஜெயசித்ரா அடுப்படியில் நின்றுகொண்டு, "இனிமே இங்கேருந்து ஒருத்தனும் என்னைய வெளிய போன்னு சொல்ல முடியாது" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ராசாங்கத்துக்கு நெஞ்சில் ஏதோ லேசானது.

அடுத்த வருஷம் பாத்ரூமும் மாடிப்படியும். அதற்கடுத்து படுக்கை ரூம்.

நான்காவது வருஷம் அவருக்கு அலுத்துவிட்டது. கூட வேலை பார்க்கும் கண்ணையன் புது பைக்கில் வந்து இறங்கினான்.

"ஏண்ணே, வூட்டுக் கடனப் போயி யாராச்சும் முன்கூட்டியே கட்டுவாங்களா? இன்னும் எத்தன வருசத்துக்குத்தான் சைக்கிள மிதிப்பீங்க?"

அது அவருக்கு உறைத்தது. அந்த வருஷ போனசை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போய் பைக் வாங்கிவிட்டார். மாலை போட்ட வண்டியோடு வாசலில் நின்றவரைப் பார்த்த ஜெயசித்ரா சண்டை பிடிக்கவில்லை. வண்டிக்குப் பொட்டு வைத்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"சரி, இந்த வருஷம் ஹாலு அவங்களுக்கே இருக்கட்டும்."

திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பார். ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதெல்லாம் அடுத்தவன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. மறு வருஷம் யாரும் சொல்லாமலே கூடுதல் ஷிப்டுகள் பார்த்தார். தீபாவளிக்குப் புதுத் துணி பிள்ளைகளுக்கு மட்டும்தான். திருச்சியில் பணத்தைக் கட்டிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "சித்ரா, ஹாலு வந்துருச்சு" என்று கத்தினார்.

அதன் பிறகு அவர் விடவில்லை. வாசல்பக்க ரூம் ஒன்றுதான் மிச்சம் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தண்டுவட ஜவ்வு விலகியிருக்கிறது, இனி ஏணி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். ஓவர்டைம் நின்றது. சில மாதங்கள் பாதிச் சம்பளம்தான்.

படுத்துக்கிடந்தபடி ராசாங்கம் யோசித்தார். முதலில் சொன்ன பதினைந்து வருஷத் தவணைப்படியே கட்டியிருந்தால் இன்னும் ஏழெட்டு வருஷம் பாக்கி இருக்கும். இந்த முதுகை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்போம்? அப்போதுதான் ஜெயசித்ரா மஞ்சள் துணியில் முடிந்த தையல் பணத்தைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"பொண்ணுக்கு ஒரு செயினு எடுக்கலாமுன்னு சேத்தது. அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல பத்திரத்த வாங்கிட்டு வந்துருவம்."

அவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்து, அவளுடைய பணத்தையும் சேர்த்து, இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் கடனை முடித்தார்கள். கவுண்டரில் இப்போது வேறொருவர் இருந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இவ்வளவுதானா என்று ராசாங்கம் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டார்.

ரயில் லால்குடியைத் தாண்டும் முன்பே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். அரியலூர் வந்ததும் ஜெயசித்ராதான் உலுக்கி எழுப்பினாள்.

மறுநாள் ஆலை ஆபீசில் போய், ஏணி ஏற வேண்டாத ஸ்டோர் வேலைக்கு எழுதிக் கொடுத்தார். சம்பளம் கொஞ்சம் குறையும், பரவாயில்லையா என்று கேட்டார்கள்.

"குறையட்டும் சார்" என்றார் ராசாங்கம்.