வலித்தால் சொல்கிற நோயாளி

சுலோச்சனா அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் பனமலையில் ஒரு அம்மாவின் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். பைக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. யார் அடிக்கிறார்கள், எதற்கு என்று புரிந்துவிட்டது. ஆனாலும் எடுக்கவில்லை. கை நோயாளியின் மேல் இருக்கும்போது போனைத் தொடக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். அதை மீறி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அவரிடம் நர்ஸ் வேலை பார்க்கும் நம்மில் யாரும் இல்லை. புண்ணைத் துடைத்துக் கட்டி, அந்த அம்மாவைச் சாய்த்துத் தலையணை கொடுத்து, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துதான் அக்காவின் தங்கையைக் கூப்பிட்டேன். அக்காவின் சாவுச் செய்தியையே காக்க வைத்துவிட்டேன். இதற்காக அவர் என்னைப் பாராட்டியிருக்க மாட்டார். "புண்ணு எப்டி இருக்குது?" என்றுதான் கேட்டிருப்பார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டுவிட்டு அவர் செஞ்சியில் ஹோம் நர்சிங் தொடங்கியபோது, "வேலைக்காரி அனுப்பற ஏஜென்சியா?" என்று கேட்டவர்கள் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். படிக்கட்டும். அவர்கள் வீட்டுக்கும் நாங்கள் பிறகு போயிருக்கிறோம். உயிர் பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள் படுக்கைப் புண்ணோடு திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்கா வெளியே வந்தார். "நாம காப்பாத்தி அனுப்பறோம், வீட்ல படுக்கை கொன்னுடுது" என்பார்.

எந்த வீட்டுக்கும் ஆள் அனுப்புவதற்கு முன் அவரே போவார். நோயாளியை நாற்காலிக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அந்தக் கட்டிலில் தானே ஏறிப் படுத்துக்கொள்வார். வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசை ஸ்பெஷல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு டிரைவர் பக்கவாதத்தில் விழுந்திருந்தார். வாய் கோணி, பேச்சு போய்விட்டது. விழுங்க முடியும், ஆனால் சோற்றையும் தண்ணீரையும் கையால் தள்ளிவிடுவார். "நைனா சாவறதுன்னு முடிவு பண்ணிட்டாரு சிஸ்டர். டியூப் வெச்சிடலாமா?" என்று மகன் அழுதார். எனக்கும் வேறு வழி தோன்றவில்லை. அக்கா வந்தார், படுத்தார். பிறகு படுத்தபடியே, "இந்த பீரோவ யாருப்பா இங்க வெச்சது?" என்றார்.

கட்டிலுக்கு இடம் விடுவதற்காகக் கால்மாட்டில் நகர்த்தி வைத்த இரும்பு பீரோ. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. தன் கோணல் வாயையும், மனைவி தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்வதையும் அந்த மனுஷன் நாளெல்லாம் பார்த்தபடி கிடந்திருக்கிறார். சாப்பிட்டால்தானே துடைக்க வேண்டும் என்று நிறுத்திவிட்டார். நின்றுகொண்டு பார்த்த எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. பீரோவைத் திருப்பிய அன்றே சாப்பிட்டார் என்று கதை விடமாட்டேன். சில நாள் பிடித்தது. அப்புறம் கஞ்சிக்கு வாய் திறந்தார்.

அப்படிப்பட்ட அக்காவே படுக்கையில் விழுந்தார். வயிற்றில் கட்டி, எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. இனி சிகிச்சை வேண்டாம், வீடு போதும் என்று வந்துவிட்டார். நான் உடனே திட்டம் போட்டேன். பகலில் நான், ராத்திரிக்கு நம்மிடம் இருப்பதிலேயே பழகிய கை. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பனமலை அம்மாவ யாரு பாப்பா?" என்றார். பிறகு அவரே, "பச்சையம்மாளை அனுப்பு" என்றார்.

பச்சையம்மாள் அப்போதுதான் நம்மிடம் சேர்ந்திருந்தாள். என் வயதுக்காரி, நல்ல மனசு. ஆனால் மார்க்கெட் கமிட்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கிப் பழகிய கை. ஆளையும் அப்படியேதான் புரட்டுவாள். அவளைத் தனியாக எந்த வீட்டுக்கும் நான் அனுப்பியதில்லை.

"அக்கா, அவ புரட்டுனா உங்க உயிரே போயிடும்."

"போற உயிருதான? நம்ம பேஷன்ட்டுங்க பாதிப் பேருக்குப் பேச்சு இல்ல. வலிச்சாலும் சொல்ல முடியாது. எனக்கு வாயி இருக்குது. என் மேல கத்துக்கட்டும். டென்ஷன் ஆவாத."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கடைசி நாளையாவது ஒரு மனுஷி நிம்மதியாகக் கழிக்கக் கூடாதா? சண்டை போட்டேன். தோற்றேன். வலி மாத்திரை போட்டால் எங்கே வலிக்கிறது என்று தெரியாது, அதனால் புரட்டிய பிறகு போட்டுக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதில் மட்டும் நான் விடவில்லை. மாத்திரையும் தண்ணீருமாக நின்றேன், முறைத்துக்கொண்டே விழுங்கினார்.

அப்படியும் வலித்தது. முதல் நாள் அவர் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. பச்சையம்மாள் அழுதுகொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். "என்னால ஆவாது சிஸ்டர். நான் மல்லாட்ட மூட்டையே தூக்கிக்கறேன்." நான் பதில் சொல்வதற்குள் உள்ளே இருந்து மூச்சு வாங்க அக்காவின் குரல் வந்தது. "பச்ச, இங்க வா. இடுப்புல கை வெச்ச பாரு, அது சரி. தோள வுட்டுட்ட. ரெண்டும் ஒண்ணா வரணும். எங்க, இன்னொரு தபா பண்ணு."

வேறு வழியில்லாமல் வலியைப் பொறுத்துக்கொண்டவர்களை இந்த வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். வந்து போன வலியை யாரோ ஒருவருக்காகத் திரும்பக் கூப்பிட்டவரை அதற்கு முன்பு பார்த்ததில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

அவரைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். காப்பி ஆறியிருந்தால் அந்த நிலையிலும் தங்கையை ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். பச்சையம்மாளுக்கும் தினம் வசவுதான். ஆனால் போகப்போக அந்தக் கூச்சல் குறைந்து முனகலானது. ஒரு நாள் நான் போனபோது வீடு சத்தமே இல்லாமல் இருந்தது. பயந்துபோய் உள்ளே ஓடினேன். பச்சையம்மாள் அவரை மறுபக்கம் திருப்பி முடித்து முதுகில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். திருப்பியதே அவருக்குத் தெரியவில்லை.

அக்காவின் காரியம் முடிந்ததும் தொண்டூரில் ஒரு வீட்டுக்குப் பச்சையம்மாளைக் கூட்டிப் போனேன். பேச்சில்லாத பெரியவர். இதுவரை அவரைத் தொட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்றார் மகள். பச்சையம்மாள் ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்து அவரைத் திருப்பினாள். பெரியவர் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "நீங்க எங்க படிச்சீங்க?" என்று மகள் கேட்டார். "எங்க அக்கா சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் பச்சையம்மாள். நான் வெளியே வந்து அழுதேன்.

அக்காவுக்காக நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு வாக்கு. அவர் கேட்டு வாங்கியது அல்ல, திரும்பி வரும்போது பஸ்ஸில் நானாகக் கொடுத்தது. நான் படுக்கையில் விழும் நாளில் நம்மிடம் யார் புதிதோ, அவரைத்தான் என்னிடம் அனுப்ப வேண்டும் என்று பச்சையம்மாளிடம் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க தாங்க மாட்டீங்க சிஸ்டர். கத்துவீங்க."

"கத்துவேன். வேணாம், போவச் சொல்லுன்னு அழக்கூட அழுவேன். நீ அவளைப் போவ வுடாத."